பின்னால் கட்டிய கைகள்

என் பழைய ஆயில் இன்ஜினை ஏற்றிப்போகத் திருக்காட்டுப்பள்ளியிலிருந்து ஒரு லோடு ஆட்டோ டிரைவர் வந்தார். ஒல்லியான ஆள், காதோரம் மட்டும் நரை. வந்ததிலிருந்து இரண்டு கைகளையும் முதுகுக்குப் பின்னால் கட்டியபடியே நின்றார். வயலில் கிடந்த இன்ஜின் பக்கம்கூடப் போகவில்லை.

அவரை அனுப்பியவனை நான் பார்த்ததில்லை. என் விளம்பரத்தைப் பார்த்துப் போனில் பேசியவன். பேரமே பேசாமல், பணம் போட்டுவிட்டதாக ரசீதுப் படமும் அனுப்பியிருந்தான். நானும் இன்ஜினுக்குக் கற்பூரம் காட்டித் தேங்காய் உடைத்துவிட்டேன். உடைத்த பிறகு பொருளை நிறுத்திவைப்பது எங்கள் வீட்டில் வழக்கமில்லை.

“பேங்க்ல பணம் ஏறிடுச்சாங்க?” என்றார் டிரைவர்.

“படம் வந்திருக்கே.”

“படத்த விடுங்க. உங்க கணக்கப் பாருங்க.”

பார்த்தேன். ஒரு பைசா வரவில்லை.

“தேங்கா உடைச்சாச்சேங்க,” என்றேன், அசடுபோல.

“சட்னி அரைச்சுக்கங்க. இன்ஜின் போனா வராது.”

அப்போது அவர் போன் அடித்தது. ஸ்பீக்கரில் போட்டார். என்னிடம் பேசிய அதே குரல், நிதானமாகச் சொன்னது: “அண்ணே, ஏன் கையப் பின்னால கட்டிக்கிட்டு நிக்கிறீங்க? ஏத்துங்க.”

நான் நாலாபக்கமும் திரும்பிப் பார்த்தேன். சுற்றிலும் அறுத்த வயல். கண்ணுக்கெட்டிய தூரம்வரை ஆளில்லை.

டிரைவர் திரும்பிக்கூடப் பார்க்கவில்லை. “போன தடவ வேற ஊரு, வேற பேரு. அப்பவும் இதையேதான் சொன்னான்,” என்றுவிட்டு வெறும் வண்டியோடு போனார்.

அந்தக் குரலைத் தெரிந்தும் அவர் ஏன் வந்தார் என்று கேட்காமல் விட்டேன். இப்போதெல்லாம் வயலில் தனியாக நிற்கும்போது, என் கைகள் எங்கே இருக்கின்றன என்று பார்த்துக்கொள்கிறேன்.