கர்னல் வீட்டு ஜெர்மன் அம்மா

கார்கில் சண்டை நடந்த ஆண்டில் நான் அல்சூரில், ஒரு கர்னலின் வீட்டுப் பின்கட்டில் குடியிருந்தேன். மாடியில் புடவை கட்டிய ஒரு ஜெர்மன் அம்மா. நீலசந்திராவில் பெண்களுக்குத் தையல் சொல்லிக்கொடுத்தவர். தமிழை அவர்களிடமே கற்றவர். குடிவந்த அன்றே கர்னலிடம், "எனக்கு சோல்ஜர்னாலே ஆவாது. வாடகைய வாங்கிக்க, பேச்சு வேணாம்," என்றாராம். சில வாரங்களில் இருவரும் மாலைதோறும் கேரம் ஆடினார்கள். மணமாகாத கர்னல் தோற்றால் முகத்தைத் தூக்கி வைத்துக்கொள்வார். "இன்னா கர்னல், இந்த ஆட்டத்த வச்சா நாட்டக் காப்பாத்தப் போற?" என்பார் அம்மா.

சண்டை தொடங்கியதும் கர்னல் தன் படைப்பிரிவோடு மலைக்குப் போனார். அதன்பின் தொலைபேசி அழைப்பும் இல்லை. அம்மா செய்தி பார்க்க என் அறைக்கு வருவார். இறந்தவர்களின் பெயர்களைச் சொல்லும்போது எழுந்து வாசலுக்குப் போய்விடுவார். திரும்பி வந்து, "இருந்துச்சா?" என்பார். "இல்லைம்மா," என்பேன்.

ஒரு ஞாயிற்றுக்கிழமை, மழை விட்ட நேரம், ராணுவ ஜீப் ஒன்று எங்கள் வாசலில் நின்றது. சீருடையில் இரண்டு பேர் இறங்கினார்கள். சண்டைக் காலத்தில் அப்படி வந்தால் என்ன பொருள் என்று எங்கள் தெருவுக்கே தெரியும். எதிர்வீட்டில் ரேடியோவை நிறுத்தினார்கள். மாடியில் தாழ்ப்பாள் விழுந்தது. சிறுமியாக இருந்தபோது அம்மாவுக்குத் தன் அப்பாவின் சாவுச் செய்தியும் இப்படித்தான் வந்ததாம்.

வந்தவர்களில் ஒருவர் ஹவில்தார், மற்றவர் டிரைவர். அம்மாவைப் பார்க்க வேண்டும் என்றார்கள். மாடிக்கு அழைத்துப்போய்க் கதவைத் தட்டினேன்.

"தெறக்க மாட்டேன். போகச் சொல்லு."

"மேடம், நான் லீவுல ஊருக்குப் போறேன்," என்றார் ஹவில்தார். "கர்னல் சார் உங்களுக்கு ஒரு பார்சல் குடுத்தாரு. ரயில்வே ஸ்டேஷன்ல நம்ம ஆர்மி வண்டி நின்னுது, ஏறி வந்துட்டேன்."

உள்ளே காலடிகள் கதவருகே வந்தன.

"அவரே குடுத்தாரா?"

"அவர் கையாலதான், மேடம்."

"எப்டி இருந்தாரு?"

"நல்லாத் திட்டினாரு."

"இன்னான்னு?"

"சப்பாத்தியாடா இது, பூட்ஸுக்கு அடியில தைக்கலாம்னு. தட்டோட தூக்கிக் காட்டினாரு, மேடம்."

தாழ்ப்பாள் விலகியது. பொட்டலத்தில் அந்த மலையில் விளைந்த, உலர்ந்த ஆப்ரிகாட் பழங்கள் என்றார் ஹவில்தார். அம்மா அதைப் பிரித்துப் பார்க்கவில்லை; ஹவில்தாரின் கையைப் பிடித்து நாற்காலியில் உட்கார வைத்தார்.

"டீ போடுப்பா," என்றார் என்னிடம். ஹவில்தாரிடம், "அந்த ஆளு திட்டினத மொதல்லேர்ந்து சொல்லு."

ஹவில்தார் கூச்சத்தோடு எழுந்து, கர்னலின் குரலிலேயே சொல்லிக் காட்டினார். டிரைவர் வாயைப் பொத்திக்கொண்டார். அம்மா முந்தானையால் கண்ணைத் துடைத்துக்கொண்டு சிரித்தார்.

"இன்னொரு வாட்டி," என்றார்.