வடத்தின் கடைசி ஆள்

எனக்கு முன்கோபம் உண்டு. ஒளித்துப் பயனில்லை, நெய்யாற்றின்கரை தாண்டியும் வடம்வலி என்கிற கயிறிழுப்புப் பந்தயம் பார்க்க வருகிறவர்களுக்கு அது தெரியும். பன்னிரண்டு வருஷம் எங்கள் கிளப்புக்கு வடத்தின் கடைசி ஆளாக நின்றிருக்கிறேன். முன்னால் நிற்கிற ஆறு பேரும் வடத்தைக் கையில் பிடிப்பார்கள். கடைசி ஆள் மட்டும் அதைக் கக்கத்தின் வழியாக எடுத்து, முதுகில் குறுக்கே போட்டு, தோளுக்கு மேல் கொண்டுவந்து பிடிப்பான். அந்த இடத்தில் நின்று, மகர மாதத்து, அதாவது தை மாதத்துப் பெரிய பந்தயத்தின் கோப்பையை ஒரு முறையாவது ஜெயிக்க வேண்டும். எனக்கு இருந்த ஆசை அது ஒன்றுதான். மூன்று தடவை இறுதிவரை போய், மூன்று தடவையும் மண்ணைக் கவ்விவிட்டு வந்திருக்கிறோம்.

போன சீசன் முடிந்த கையோடு அணி பிய்ந்துபோனது. ஒருவன் கத்தாருக்குப் போனான். ஒருவனுக்கு போலீஸில் வேலை கிடைத்தது. மூன்றாமவனைக் காட்டாக்கடை கிளப்காரர்கள் கொத்திக்கொண்டு போனார்கள். மூன்று இடம் காலி. பலசாலியாகப் பார்த்துக் கூப்பிட்டால் தீர்ந்துவிடும் என்று நினைக்காதீர்கள். ஏழு பேரின் எடையும் சேர்ந்து நானூற்று ஐம்பத்தைந்து கிலோவைத் தாண்டக் கூடாது. உதியன்குளங்கரையில் ரப்பர் ஷீட் வாங்குகிற கடையின் தராசில் ஆள்களை ஏற்றியும் இறக்கியும்தான் புது அணியைப் பிடித்தோம். ஆரியங்கோட்டு ரப்பர் வெட்டுக்காரன் ஒருவன், ஜங்ஷனில் லோடு இறக்குகிறவன் ஒருவன், கடப்புறத்து மீன்பிடிக்காரன் ஒருவன்.

என் மனைவியின் தம்பியும் அணியில் உண்டு, ஆனால் எட்டாம் ஆளாக. அவன் எழுபத்தெட்டு கிலோ, நான் எண்பது. மற்றவர்கள் எல்லாம் எங்களைவிட மெலிந்தவர்கள். நாங்கள் இருவரும் ஒன்றாக ஏறினால் தராசு ஒத்துக்கொள்ளாது. அதனால் மூன்று வருஷமாக அவன் என் செருப்பையும் தண்ணீர்க் குப்பியையும் வைத்துக்கொண்டு வெளியே நின்றான்.

கடப்புறத்துக்காரனை நான்தான் தேர்ந்தெடுத்தேன். சிறு வயதிலிருந்தே கரையில் நின்று கரமடி வலை இழுத்தவன். அவன் கையைப் பிடித்துப் பார்த்ததும் முடிவு செய்துவிட்டேன். கிளப் செயலாளருக்கு மட்டும் சந்தேகம். “அவனு வடம் அறியாமோ?” என்றார், அவனுக்கு வடம் இழுக்கத் தெரியுமா என்று. “கடலையே இழுக்குறவன் சார்” என்று பெருமையாகச் சொன்னேன்.

ஓணத்துக்கு மறுநாள் முதல் பந்தயம். அவனை எனக்கு நேர் முன்னால், ஆறாவதாக நிறுத்தினேன். இரண்டு அணியும் ஒவ்வொரு இழுப்பு ஜெயித்து, மூன்றாவது இழுப்பு. எதிரணியை அங்குலம் அங்குலமாகக் கொண்டுவந்துவிட்டோம். இன்னும் இரண்டடி வந்தால் போதும். அந்த நேரத்தில் அவன் வடத்தை விட்டுவிட்டு, எல்லாரையும் கடந்து முன்னால் ஓடி, நடுக்கோட்டுக்குப் பக்கத்தில் போய் மறுபடி வடத்தைப் பிடித்தான். நாங்கள் ஆறு பேரும் குப்புற விழுந்தோம்.

எனக்கு ஒரு நிமிடம் ஒன்றும் விளங்கவில்லை. பிறகு அவனே தலையைக் குனிந்துகொண்டு சொன்னான். கரமடி இழுக்கிறவர்கள் கயிற்றைப் பிடித்துப் பின்பக்கமாகவே நடந்து கரையேறுவார்கள். மேட்டைத் தொட்ட ஆள் கயிற்றை விட்டுவிட்டு, திரும்பத் தண்ணீரோரத்துக்கு ஓடி முன்னால் பிடிக்க வேண்டும். அப்படித்தான் வலை வரும். அந்த மைதானத்தின் ஓரத்தில் ஒரு சின்ன மண்மேடு இருந்தது. “கால் மேட்டுல தட்டிச்சு அண்ணா. கரையேறியாச்சுண்ணு கை தானா விட்டுப்போச்சு.”

“எலே, பின்ன எத்தன கூடை மீன் கிடைச்சு?” என்று கத்தினேன். சுற்றி நின்றவர்கள் சிரித்த சிரிப்பு இப்போதும் காதில் இருக்கிறது. மைக்கில் பேசுகிறவன் வேறு, “சாளை உண்டோ, அயிலை உண்டோ” என்று எங்கள் மானத்தை ஏலம் போட்டான். செயலாளர் வந்து, “இவனெ மாற்றணம்” என்றார். எனக்கு ரத்தம் தலைக்கேறியது. நான் திட்டலாம், அடுத்தவர் திட்டக் கூடாது. “அவன் போனா நானும் போவேன். நீங்களே வந்து வடத்த பிடியுங்க” என்றேன். அவர் திரும்பிப் போய்விட்டார்.

அன்று வீட்டுக்குத் திரும்பும் வழியில் மச்சினன் மெதுவாக ஒரு யோசனை சொன்னான். “அத்தான், அவனக் கடைசியில நிறுத்தினா என்ன? தோளச் சுத்தி வடம் கிடக்கும்போ எப்பிடி விட்டுட்டு ஓடுவான்?”

“கடைசி ஆள் நானாக்கும். நீ உனக்க சோலியப் பாரு” என்றேன்.

பயிற்சி மைதானத்திலும் ஒரு மண்மேடு போட்டு, மீன்பிடிக்காரன் இடுப்பையும் என் இடுப்பையும் ஒரு தோர்த்துத் துண்டால் கட்டினேன். அவன் ஓடும்போதெல்லாம் நானும் இழுபட்டு விழுந்தேன். முழங்கால் இரண்டும் தோலுரிந்தது. நீயா நானா பார்த்துவிடுவோம் என்று மூன்று வாரம் அப்படியே கட்டிக்கொண்டு இழுத்தோம். நாலாவது வாரம் மேட்டில் கால் தட்டியும் அவன் அசையாமல் நின்றான். தோர்த்தை அவிழ்த்தோம். அதற்குப் பிறகு நாங்கள் தோற்ற பந்தயங்கள் இரண்டே இரண்டு. மகரத்தில் அரையிறுதியையும் தாண்டினோம்.

அரையிறுதிக்கும் இறுதிக்கும் இடையில் ஒரு ஞாயிற்றுக்கிழமை வந்தது. அன்றுதான் மீன்பிடிக்காரனின் ஊர்ப் பள்ளியில், அதாவது சர்ச்சில், பெருநாள். அணியை மொத்தமாக அழைத்தான். பந்தய வாரத்தில் சோற்றைக்கூட அளந்துதான் தின்ன வேண்டும் என்று சட்டம் போட்டவன் நான். “ஒரு காப்பி குடிச்சிட்டுத் திரும்பிடுவோம்” என்று சொல்லித்தான் கூட்டிப்போனேன். அவன் விடவில்லை. “அண்ணா, பெருநாளைக்கு வந்துட்டு கை நனைக்காம போகப்பிடாது. ஊரெல்லாம் சிரிச்சப்ப எனக்காகப் பேசின ஆளு நீங்க மட்டும்தான்.”

இப்படிச் சொன்னால் எப்படி எழுந்திருப்பது? கப்பைக்கிழங்கு, நெய்மீன் கறி, மாட்டிறைச்சி, மறுபடி கப்பை. அவன் மனைவி வைக்க வைக்கத் தின்றேன். அதிகம் தின்றது நான்தான்.

இறுதி நாள் தராசில் ஏழு பேரும் ஏறினோம். இரண்டு கிலோ அதிகம். ஒரு மணி நேரம் தந்தார்கள். நட்டுச்ச வெயிலில் மழைக்கோட்டைப் போட்டுக்கொண்டு மைதானத்தைச் சுற்றிச் சுற்றி ஓடினோம். திரும்ப ஏறியபோது இன்னும் அறுநூறு கிராம் அதிகம். மீசையை மழித்தால்கூட அறுநூறு கிராம் வராது.

எட்டாம் ஆள் உண்டா என்று நடுவர் கேட்டார். யாரும் என் முகத்தைப் பார்க்கவில்லை. மச்சினனைவிடக் கனமான ஆள் அந்த ஏழில் நான் ஒருவன்தான். வேறு யாரை இறக்கினாலும் எடை கூடத்தான் செய்யும். நானே இறங்கினேன். பூட்ஸைக் கழற்றி அவனிடம் கொடுத்து, “கடைசியில நில்லு” என்றேன்.

“நான் ஆறாவதா நிக்கிறேன் அத்தான். கடைசியில அவன் நிக்கட்டும்” என்று மீன்பிடிக்காரனைக் காட்டினான்.

தலையாட்டினேன். கோட்டுக்கு வெளியே நின்று தொண்டை கிழியக் குரல் கொடுத்தேன். மீன்பிடிக்காரன் தோளில் வடத்தைப் போட்டுக் காலை ஊன்றினான். அதற்குப் பிறகு அவனை அசைக்க எதிரணியால் முடியவில்லை. மூன்றாவது இழுப்புக்கு வேலையே இல்லை, இரண்டிலேயே முடித்துவிட்டார்கள். ஓணத்துக்கு மறுநாளே மச்சினன் சொன்ன யோசனை அது. இடத்தை விட மனமில்லாமல் நான்தான் ஒரு சீசன் முழுக்க அதைத் தடுத்து வைத்திருந்தேன்.

எல்லாரும் என்னைத் தூக்கிக்கொண்டு ஆடினார்கள். நானும் சிரித்தேன். வீட்டுக்கு வந்ததும் மனைவி கேட்டாள்.

“ஜெயிச்சாச்சா?”

“ஜெயிச்சாச்சு.”

“பின்ன மொகம் ஏன் இப்பிடி இருக்கு?”

“நான் இல்லாம ஜெயிச்சாச்சு.”

அவள் சோறு போட்டுக்கொண்டு வந்து வைத்தாள். தட்டைத் திருப்பி அவள் பக்கம் தள்ளினேன்.

“பாதிய எடு. அடுத்த ஓணத்துக்குள்ள பதினஞ்சு கிலோ குறையணும்.”

“எதுக்கு? கடைசி எடம்தான் போச்சே.”

“உனக்க தம்பிக்க பக்கத்துல, நடுவுல நிப்பேன்” என்றேன்.