குதிரைக்கு வைத்த பசை

நாலு வருஷத்துக்கு முன், கிறிஸ்துமஸுக்கு முந்தின வாரம். கைலாசபுரம் தொழிற்சாலையில் ஃபிட்டராக இருந்து ரிட்டயராகி, ஸ்ரீரங்கத்தில் குடியேறிய புதிது. எது பழுதானாலும் சரி செய்துவிடுவேன் என்று எனக்குக் கொஞ்சம் கொழுப்பு உண்டு.

என் மனைவியின் காலேஜ் தோழி ஒருவர் செல்லோ வாசிப்பவர். வயலினுக்குப் பெரியப்பா மாதிரி இருக்கும் அதை, கால்களுக்கு நடுவே நிறுத்தி வாசிக்க வேண்டும். "பொம்பளப் புள்ள இப்படி உக்காந்து வாசிக்கிறதாவது?" என்று பாலக்கரையில் சொந்தக்காரர்களே முகம் சுளித்தார்களாம். விடாப்பிடியாகச் சென்னைக்குப் போய்க் கற்று, வெளிநாட்டு இசைக்குழுக்களில் இடம்பிடித்தவர். முப்பது வருஷம் கழித்து அதே சொந்தக்காரர்கள் முன்னால், பாலக்கரை சர்ச்சில் அன்று மாலை முதல் கச்சேரி. எங்கள் வீட்டில்தான் தங்கியிருந்தார்.

காலையில் இருவரும் சர்ச்சைப் பார்த்து வரக் கிளம்பினார்கள். அந்த நேரத்தில் நான் அறைக்குள் எட்டிப் பார்த்தால், செல்லோவின் தந்திகள் தளர்ந்து தொங்குகின்றன. அவற்றைத் தாங்கும் மரத்துண்டு கீழே கிடக்கிறது. அதற்குக் குதிரை என்று பெயராம். பாவம், வந்து பார்த்தால் பதறிப்போவாரே! மரப் பசையை எடுத்து, இருந்த இடத்திலேயே அழுத்தமாக ஒட்டி வைத்தேன்.

மதியம் வந்தவர் அதைப் பார்த்ததும் அப்படியே கட்டிலில் உட்கார்ந்துவிட்டார். "அண்ணா... இதை ஒட்டவே கூடாதுண்ணா. தந்தி அழுத்துற பிடியிலதான் நிக்கும். ஒட்டினா சத்தமே செத்துடும்."

எனக்கு வேர்த்துக் கொட்டியது. "கையை வச்சுக்கிட்டுச் சும்மா இருக்க மாட்டீங்களா?" என்று என் மனைவி கத்தினாள்.

"விடுடி, உதவின்னு நெனச்சுதானே செஞ்சாரு. வெந்நீர் கொண்டா" என்றார் அவர்.

ஈரத் துணியால் ஒத்தடம் கொடுத்து, தையல் நூலை அடியில் விட்டு மெல்ல மெல்ல அறுத்தார். மூன்று மணி நேரம்! குதிரை கழன்றபோது பாலிஷும் உரிந்து, வெளுப்பாக ஒரு தழும்பு விழுந்தது. அவர் பசையைத் துடைத்துவிட்டு, குதிரையை நிறுத்தித் தந்திகளை முறுக்க ஆரம்பித்தார்.

அன்று அவர் வாசித்ததை விவரிக்க எனக்கு இசை ஞானம் போதாது. முடிந்ததும் எல்லாரும் எழுந்து கைதட்டினார்கள். அந்தக் காலத்தில் முகம் சுளித்த அவருடைய சித்தப்பாதான் முதல் ஆள். எனக்குக் கண் கலங்கிவிட்டது.

ஆனால் அந்தச் சித்தப்பா கிட்டே வந்து செல்லோவைப் பார்த்தார். "என்னம்மா இது தழும்பு? இவ்வளவு பெரிய ஆளாயிட்ட, கவனமா வச்சுக்கக் கூடாதா?" என்று கேட்டார். நான் தூணுக்குப் பின்னால் ஒதுங்கினேன்.

"என் தப்புதான் சித்தப்பா. தந்தியைச் சரியாப் பாக்காம விட்டுட்டுப் போயிட்டேன்" என்றார் அவர், சிரித்துக்கொண்டே.

இப்போதெல்லாம் எதையும் தொடுமுன் கேட்டுவிடுகிறேன். ஆனால் அடுத்தவர் பழியை அப்படிச் சிரித்துக்கொண்டே தன் தலையில் போட்டுக்கொள்ளும் மனசு மட்டும், நானும் முயன்று பார்க்கிறேன், இன்னும் வரவில்லை.