“அம்மா மாதிரி” என்ற சொல்லிலிருந்து கர்த்தர் என்னை விடுவித்தார்

சபையாரே, இதை என் வலது கையாலேயே எழுதுகிறேன். அதில் மூன்று விரல் மடங்காது. நான் படித்ததும் மூன்றாம் வகுப்புதான். மெதுவாகத்தான் வரும், நீங்களும் மெதுவாகவே வாசியுங்கள்.

என் பெயர் ரெபெக்காள். செகந்திராபாத்தில் பிறந்தவள், விதவை. அமீர்பேட்டில் ஒரு பெண்கள் ஹாஸ்டலில் சமைத்தேன். கம்ப்யூட்டர் கோர்ஸுக்கு வந்த பிள்ளைகள் என் சாப்பாட்டில்தான் வளர்ந்தார்கள். சாம்பார் அண்டாவை இரண்டு பேர் பிடித்து இறக்க வேண்டும். எனக்கு உதவியாக இருந்தவளை ஓனர் நிறுத்திவிட்டார். போன வருடம், ஈஸ்டருக்கு முந்திய லெந்து நாட்களில் ஒரு காலை, தனியாக இறக்கினேன். அண்டா சாய்ந்தது. கொதித்த சாம்பாரெல்லாம் கையில்.

ஓனர் ஆரஞ்சுப் பழத்தோடு ஆஸ்பத்திரிக்கு வந்தார். அதன்பின் வரவில்லை. புண் ஆறியது, விரல் மடங்கவில்லை. கத்தி பிடிக்க முடியாதவளுக்கு யார் வேலை கொடுப்பார்? நம் பெண்கள் ஐக்கியத்தில் காணிக்கை எடுத்துத் தருகிறோம் என்றார்கள். “நக்கோ, நக்கோ, வேண்டாம்” என்றேன். அறைக்குள் போய் அழுதேன். “ஆண்டவரே, உழைத்த கை இது. இதை ஏந்த வைக்காதேயும்.” வேறு ஜெபம் வரவில்லை.

நம் சபையில் ஸ்டெல்லா வக்கீல். அவள் ஒருநாள் வீடு தேடி வந்தாள்.

“எதுக்கு ஆன்ட்டி அழறீங்க? இதுக்குன்னே சட்டம் இருக்கு. வேலை பாக்கும்போது அடிபட்டா முதலாளி நஷ்டஈடு குடுக்கணும்.”

“நான்தானே கொட்டிக்கிட்டேன்?”

“கை தவறினதுக்கெல்லாம் சட்டம் உங்களக் கோவிச்சுக்காது.”

“அப்ப அந்தப் பணம் தர்மமாம்மா?”

“தர்மம் இல்ல ஆன்ட்டி, உங்க உரிமை.”

அந்த ஒரு சொல்லுக்காக எழுந்தேன்.

ஸ்டெல்லா மனு போட்டாள். லேபர் ஆபீஸ் விசாரணையில் ஓனர் கைகூப்பி நின்றார். “மா அம்ம லாண்டிவாரு சார்.” எங்கள் அம்மா மாதிரி என்கிறார்! வேலைக்காரி இல்லையாம். பாசத்தில் வந்து சமைத்துப் போடுகிறேனாம். சம்பளத்தைக் கையில் கொடுப்பார், ரசீது கிடையாது. பார்த்த பிள்ளைகளோ கோர்ஸ் முடிந்து ஊர் ஊராகப் போய்விட்டார்கள். அதிகாரி, சாட்சி கொண்டு வாருங்கள் என்று வேறு தேதி கொடுத்தார்.

உபவாசம் இருந்தேன். “ஒரே ஒரு வாயை அனுப்பும், ஆண்டவரே.”

அந்த வாரமே, ஆஸ்பத்திரியில் கைக்குப் பயிற்சி முடிந்து மெட்ரோ படியில் ஏறுகிறேன். பின்னால் ஒரு குரல்.

“ஆன்ட்டி! இன்னைக்காவது சாம்பார்ல முருங்கக்கா உண்டா?”

ஹாஸ்டலில் தினம் காலையில் என்னை இப்படிச் சீண்டினவள் ஒருத்திதான். சௌமியா, கோவில்பட்டிப் பெண். சாம்பார் கொட்டிய அன்று என் கையைக் குழாயடியில் பிடித்தவளும் அவளே. இந்த ஊரிலேயே வேலை கிடைத்திருக்கிறது. கையைக் காட்டினேன், அழுதாள். விஷயத்தைச் சொன்னேன், கண்ணைத் துடைத்துக்கொண்டு “என்னைக்கு வரணும்?” என்றாள். ஆபீசுக்கு லீவு போட்டு வந்தாள்.

அன்றும் ஓனர் பாடியது அதே பாட்டுதான், அம்மா மாதிரி. சௌமியா அரைகுறைத் தெலுங்கில் அதிகாரியிடம் பேசினாள். அதன் தமிழ் இது:

“சார், டிபன் கொஞ்சம் லேட்டானாலும் எங்க முன்னாடியே ஆன்ட்டியத் திட்டுவாரு. லீவு கேட்டா சம்பளத்தப் பிடிப்பேம்பாரு. பெத்த அம்மாகிட்ட யாராவது சம்பளம் பிடிப்பாங்களா சார்?”

அதிகாரி குனிந்து சிரிப்பை மறைத்தார். தீர்ப்பு சொல்லும்போது அதிகாரி என்னைப் பெயர் சொல்லி, “தொழிலாளி” என்றார். நான் நிமிர்ந்து உட்கார்ந்தேன். நஷ்டஈடும் வந்து சேர்ந்தது.

எனக்கு இன்றும் ஆச்சரியம் தீரவில்லை. அந்தச் சட்டத்தை எழுதியவர்கள் என் முகத்தைப் பார்த்ததில்லை. ஆனாலும் அடுப்படியில் நிற்கிற ஒருத்தியின் விரலை நினைத்திருக்கிறார்களே! அதை அவர்கள் மனதில் வைத்தவர் என் ஆண்டவர்.

இப்போது ஆராதனை முடிந்ததும் அமீர்பேட் ஹாஸ்டல்களில் சமைக்கிற பெண்களைத் தேடிப் போகிறேன். “உன்னையும் அம்மா மாதிரின்னு சொல்றாங்களா? வா, ஸ்டெல்லாவப் பாக்கலாம்” என்கிறேன்.

பிரியமானவர்களே, முழங்காலில் நின்று கேளுங்கள். பிறகு எழுந்து, கேட்க வேண்டிய இடத்திலும் போய்க் கேளுங்கள். அவர் உங்களுக்கு முன்னே போயிருப்பார்.

ஞாயிறுதோறும் காணிக்கைப் பையில் இந்தக் கையால்தான் போடுகிறேன். விரல் மடங்காததால் மறைத்துப் போட முடியவில்லை, எல்லாரும் பார்க்கிறார்கள். பார்க்கட்டும்.