பொட்டு வைத்த சோலார் செல்

எண்பதுகளின் கடைசியில், வெயிலிலிருந்து மின்சாரம் எடுக்கும் சிலிக்கான் செல்களைச் செய்கிற ஒரு சின்னக் கம்பெனியில் நான் ப்ரொபேஷனில் இருந்தேன். அம்பத்தூர் எஸ்டேட்டில் கம்பெனி. ஆவடி குவார்ட்டர்ஸில் எனக்குப் பார்த்திருந்த பெண். "பர்மனென்ட் ஆர்டர் வரட்டும், பத்திரிகை அடிச்சிடலாம்" என்று பெண்ணின் அப்பா சொல்லிவிட்டார். ராணுவத் தொழிற்சாலைக்காரர். ஆர்டர் இல்லாமல் ஒரு திருகாணியைக்கூடத் தொடமாட்டார்.

எங்கள் மானேஜரோ, "அஞ்சு வருஷத்துல டெக்னாலஜியை எப்படி வளர்க்கப் போறோம்னு ஒரு திட்டம் எழுதுங்க. டைரக்டருக்குப் பிடிச்சா ஆர்டர்" என்றார். எழுதினேன். சிலிக்கானை இன்னும் மெல்லிசாக அறுப்போம், பட்ட வெளிச்சம் திரும்பிப் போகாதபடி பூச்சு பூசுவோம், மேலே அச்சடிக்கும் வெள்ளிக் கோடுகளைச் சன்னமாக்குவோம், வருஷத்துக்கு ஒரு சதவீதம் திறன் ஏறும். எழுதுவதற்கென்ன, பேனாவா தடுக்கப் போகிறது? ஆதாரம்தான் இல்லை.

ஆயுத பூஜை முடிந்து வேலை தொடங்கியதும் அதுவும் கிடைத்தது. டெஸ்டிங்கில் பன்னிரண்டு சதவீதம் காட்டிக்கொண்டிருந்த செல்கள் பதின்மூன்றுக்குத் தாவின. பூஜைக்கு முன்புதான் செல்களைச் சுடும் உலையின் சூட்டை நான் கொஞ்சம் மாற்றியிருந்தேன். அப்புறம் கேட்க வேண்டுமா? பாடி பஸ்ஸில் என்னை மிதித்தவர்களைக்கூட மன்னித்தேன்.

டைரக்டர் வரும் நாள் காலை, அவருக்குக் காட்டலாமென்று தாய்ச் செல்லின் பெட்டியைத் திறந்தேன். வெளிநாட்டில் அளந்து சான்றிதழோடு வந்த சின்ன செல் அது. தினமும் முதலில் அதை விளக்கடியில் வைத்து, சான்றிதழில் உள்ள அளவைக் காட்டும்வரை வெளிச்சத்தைக் கூட்டிக் குறைப்போம். பிறகுதான் மற்ற செல்கள். அதன் நடுவில் சந்தனம், சந்தனத்தின் மேல் குங்குமம்!

பொட்டு மறைத்ததால் தாய்ச் செல் குறைவாகக் காட்டியிருக்கிறது. அதைச் சரிக்கட்ட விளக்கை ஏற்றியிருக்கிறார்கள். கூடுதல் வெளிச்சத்தில் மற்ற செல்களெல்லாம் சூரப்புலி ஆகிவிட்டன.

டெஸ்டிங்கைப் பார்த்துக்கொண்டது மேனாம்பேட்டு அக்கா ஒருவர். "யாருக்கா இதுக்குப் பொட்டு வெச்சது?" என்றேன்.

"நான்தான். எல்லாத்துக்கும் வையின்னு நீதான சார் சொன்ன? இதான எல்லா செல்லுக்கும் தாயி. இத்த மட்டும் உட்டா நல்லாவா கீது?"

"அப்புறமாவது துடைச்சிருக்கலாமே?"

"சாமிக்கு வெச்சத யாருனா அழிப்பாங்களா சார்?"

நான் அழித்தேன். மறுபடி அளந்தோம். பன்னிரண்டு.

ஒரு நாள் வாயை மூடிக்கொண்டிருந்தால் ஆர்டர் கையில். ஆனால் அடுத்த வருஷம் பதினாலுக்கு எங்கே போவேன்? நேர்மை என்று பீற்றிக்கொள்ள மாட்டேன், பயம்தான். டைரக்டரிடம் எல்லாவற்றையும் சொன்னேன். பொட்டு வைக்கச் சொன்னது நான்தான் என்பதையும் சொன்னேன். மானேஜர் கூரையைப் பார்த்தார்.

"அந்த ஒரு சதவீதம் நிஜமா ஏற எத்தனை வருஷம் ஆகும்?" என்றார் டைரக்டர்.

"நாலு வருஷம் சார்."

அவர் மானேஜர் பக்கம் திரும்பினார். "அப்போ நாலு வருஷத்துக்கு இவரை எங்கயும் விடாதீங்க. இன்னிக்கே ஆர்டர் அடிச்சிடுங்க."

அந்த ஒரு சதவீதம் ஏற ஐந்து வருஷம் ஆனது. அதற்குள் எனக்கு இரண்டு குழந்தைகள் பிறந்துவிட்டன.