ஒற்றைக் கோடு பேட்டரியில் ஒரு கல்யாணம்

கல்யாணத்தில் போட்டோ எடுக்கிறவருக்குச் சாப்பாடு கிடைக்காவிட்டால் வயிறு மட்டும்தான் காயும். பேட்டரிக்குச் சாப்பாடு கிடைக்காவிட்டால் பெயரே கெட்டுப்போகும். பெரிய கேமராவைக் கழுத்தில் மாட்டிக்கொண்டு மலாக்கா முழுக்க அலையும் என் சக பாவப்பட்ட ஜீவன்களுக்கு இதை நான் விளக்க வேண்டியதில்லை. மற்றவர்களுக்காகச் சொல்கிறேன். நம் டி.எஸ்.எல்.ஆர். கேமரா தங்கமான பிறவி. சின்னக் கண்ணாடியில் கண்ணை வைத்துப் பார்த்து எடுத்துக்கொண்டே இருந்தால் ஒரு பேட்டரி சளைக்காமல் உழைக்கும். எடுத்த படத்தைப் பின்பக்கத் திரையில் போட்டுப் போட்டுப் பார்த்தால்தான் சீக்கிரம் உயிரை விடும். ஒரு பேட்டரியில் இத்தனை நூறு படம் எடுக்கலாம் என்று பெட்டியில் அச்சடித்திருப்பார்கள். அதை எழுதிய புண்ணியவான் ஒரு தமிழ்க் கல்யாணத்துக்கும் வந்ததில்லை.

போன வருஷம் நான் எடுத்த ஒரு கல்யாணத்தைச் சொல்கிறேன். காலையில் செலண்டார் பக்கம் ஒரு கோயிலில் தாலி, மத்தியானம் கிளேபாங் கடற்கரையில் ஜோடிப் படம், சாயங்காலம் ஆயர் குரோவில் விருந்து. என் பையில் மூன்று பேட்டரி. ஒன்று கேமராவோடு வந்தது. வயதானது, ஆனால் நாணயமானது. இரண்டாவது அதன் தம்பி. மூன்றாவது, இரண்டு மடங்கு உழைக்கும் என்ற விளம்பரத்தை நம்பி ஆன்லைனில் வாங்கியது. அதன் லட்சணத்தைப் பிறகு சொல்கிறேன்.

பெண் கேட்ட ஒரே படம்

கல்யாணப் பெண் தர்ஷினிக்கு விவரம் தெரியுமுன்பே அப்பா போய்விட்டார். வளர்த்தது அம்மா மாரியாயி அக்கா, ஆயர் குரோவில் ஒரு ஃபேக்டரி கேன்டீனில் சமையல் வேலை. மாப்பிள்ளைக்குச் சரவாக்கில் வேலை என்பதால் மறுவாரமே தர்ஷினி கடல் தாண்டிப் போகிறாள். அலங்காரம் நடந்துகொண்டிருக்கும்போதே என் கையைப் பிடித்துக்கொண்டாள். "அக்கா, யாரு படம் வரலன்னாலும் பரவால்ல லா. அம்மாவும் நானும் சேந்து நிக்கிற படம் ஒன்னே ஒன்னு வேணும். வீட்டுல நாங்க ரெண்டு பேருதான். ஒருத்தர் நின்னா இன்னொருத்தர்தான் போன புடிக்கணும். செல்ஃபின்னா மூஞ்சி பூசணிக்கா மாதிரி தெரியுதுன்னு ஓடிடுவாங்க."

இது என்ன பெரிய வேலை என்று நினைத்தேன். வெளியே போனால் மாரியாயி அக்கா புதுப் பட்டுச்சேலைக்கு மேலே தோளில் ஒரு துண்டைப் போட்டுக்கொண்டு தாம்பாளத்தில் வெற்றிலை அடுக்கிக்கொண்டிருந்தார். கேமராவைத் தூக்கினேன். அடுத்த நொடி அவர் முகம் இருந்த இடத்தில் தாம்பாளம் இருந்தது. வெற்றிலையெல்லாம் கீழே. குனிந்து பொறுக்கிக்கொண்டே சொன்னார்: "என்னைய எடுத்து பேட்டரிய வீணாக்காத தங்கச்சி, பொண்ண எடு."

முதல் பேட்டரி போன விதம்

மணவறையில் பெற்றோர் இடத்தில் உட்கார்ந்தவர்கள் பெரியப்பாவும் பெரியம்மாவும். தாலி இழந்தவர் மேடைப் பக்கம் வரக்கூடாது என்று யாரும் வாய்விட்டுச் சொல்லவில்லை. மாரியாயி அக்காவுக்கு யாரும் நாற்காலி போடவில்லை, அவ்வளவுதான். பெரியப்பா என்னைப் பார்த்ததும், "கேமராமேன் எங்கம்மா? உன் வீட்டுக்காரரா?" என்றார். என் வீட்டுக்காரர் ஃபேக்டரியில் ஷிஃப்டில் இருக்கிறார், நான்தான் கேமராமேன் என்றேன். கொஞ்ச நேரம் சுற்றுமுற்றும் பார்த்துவிட்டுத்தான் நம்பினார்.

பெரியம்மாவோ ஒவ்வொரு படத்துக்கும், "காட்டு பாப்போம்" என்று கையை நீட்டுவார். திரையைப் போட்டுக் காட்டினால், போனில் செய்வதுபோல இரண்டு விரலை வைத்து அகட்டுவார். என் கேமரா அதற்கெல்லாம் மசியாது. உடனே அது கெட்டுப்போச்சு என்று பக்கத்தில் இருப்பவரிடம் கொடுப்பார். அது கை மாறிக் கை மாறி, நெக்லஸ் நேராக இருக்கிறதா, கண் மூடியிருக்கிறதா, பின்னால் நிற்கிறவள் யார் என்கிற விசாரணையெல்லாம் முடிந்து என்னிடம் திரும்பும்போது பேட்டரிக் கோடுகளில் ஒன்று குறைந்திருக்கும். மாப்பிள்ளை இன்னும் கோயில் வாசலுக்கே வந்து சேரவில்லை, முதல் பேட்டரி கண்ணை மூடிவிட்டது. பெரியம்மாவுக்கு அதைவிடப் பெரிய வருத்தம் ஒன்று இருந்தது: "என்ன கேமரா லா இது, என் போனுல நான் இன்னும் செவப்பா இருப்பேன்."

காலியாக இருந்த பிளக்

கோயில் மண்டபத்துப் பிளக்கெல்லாம் காற்றாடிக்கும் ஒலிபெருக்கிக்கும் போய்விட்டது. தூணுக்குப் பின்னால் காலியாக ஒன்று இருந்தது. அதில் முதல் பேட்டரியைச் சார்ஜில் போட்டுவிட்டு, தம்பியைக் கேமராவில் ஏற்றிக்கொண்டு மணவறைக்கு ஓடினேன். கெட்டிமேளம் கொட்டியதும் அத்தனை பேரும் போனைத் தூக்கிக்கொண்டு எனக்கு முன்னால் எழுந்து நின்றார்கள். இரண்டு முழங்கைகளுக்கு நடுவே கேமராவை நுழைத்து எப்படியோ தாலியைப் பிடித்துவிட்டேன். திரும்பிப் பார்த்தால், சமையல்கட்டு வாசலில் நின்றபடியே மாரியாயி அக்கா அட்சதையை வீசினார். அது பாதி தூரம்கூட வந்து சேரவில்லை. கேமராவைத் திருப்புவதற்குள் அவர் உள்ளே போய்விட்டார். படத்தில் விழுந்தது அவர் முதுகும் துண்டும்தான்.

சரி, பேட்டரியாவது ஏறியிருக்கும் என்று தூணுக்குப் பின்னால் போனேன். என் சார்ஜர் தரையில் கிடந்தது. பிளக்கில் பெரியப்பாவின் போன் தொங்கியது. சாயங்காலம் டத்தோ பட்டம் வாங்கிய பெரிய மனிதர் ஒருவர் விருந்துக்கு வருகிறார், அவருடைய ஆள் எந்த நேரத்திலும் கூப்பிடலாமாம். நான் முறைத்த முறைப்பில் வேறு யாராக இருந்தாலும் போனைப் பிடுங்கியிருப்பார்கள். பெரியப்பா நிதானமாக விளக்கம் கொடுத்தார்: "உன் கேமரா காலையிலேர்ந்து நல்லாத்தானேம்மா ஓடுது, என் போனுதான் சாவக் கெடக்கு."

கிளேபாங்கில் ஒரு தாகம்

கடற்கரையில் தர்ஷினியின் முந்தானை காற்றில் பறக்க, மாப்பிள்ளை துரத்திக்கொண்டு ஓடிவர வேண்டும் என்பது மாப்பிள்ளையின் கனவு. அவர் ஓடினார். காற்று வரவில்லை. காற்று வந்தபோது அவருக்கு மூச்சு வாங்கியது. இப்படியே மணலில் போய் வந்துகொண்டிருந்ததில் தம்பிப் பேட்டரியும் தீர்ந்தது. கடைசியில் ஆன்லைனில் வாங்கிய மூன்றாவதைக் கேமராவில் போட்டேன். கோடெல்லாம் முழுசாகக் காட்டியது. பரவாயில்லையே என்று நினைத்து நாலு படம் எடுப்பதற்குள் செத்தது. எடுத்துத் துடைத்துத் திரும்பப் போட்டேன். மறுபடியும் முழுசாகக் காட்டியது, மறுபடியும் செத்தது. வெட்கமே இல்லாத ஜென்மம்.

சாலையோரத்தில் தேங்காய் ஷேக் விற்கும் ஒரு மலாய்க்கார அம்மாவிடம், மாக்சிக் என்றுதான் கூப்பிடுவோம், போய் சார்ஜரைக் காட்டிக் கெஞ்சினேன். அவர் பிளெண்டரைப் பிடுங்கி வைத்துவிட்டு எனக்குப் பிளக்கைக் கொடுத்தார். முதல் பேட்டரியை அதில் மாட்டினேன். சும்மா உட்கார முடியுமா? வேண்டும் வேண்டாம் என்று பார்க்காமல் ஷேக்கை வாங்கி வாங்கிக் குடித்தேன். பாதி ஏறியிருக்கும்போது மண்டபத்திலிருந்து பெரியப்பாவின் போன் வந்துவிட்டது, அதற்குத்தான் சார்ஜ் இருக்கிறதே. சார்ஜரைக் கழற்றிய என்னைப் பார்த்து மாக்சிக், பேட்டரிக்குமா தாகம் என்று அவர் பாஷையில் கேட்டுச் சிரித்தார்: "பேட்டரி புன் ஹாவுஸ் கெ, டிக்?"

டத்தோவின் குரல்

ஆயர் குரோ மண்டபத்தில் பிளக்கெல்லாம் பாட்டுப் போடுகிறவரின் ஸ்பீக்கர் பெட்டிகளுக்குப் பின்னால் மாட்டிக்கொண்டிருந்தன. ஆக, என் கையில் இருந்ததெல்லாம் மாக்சிக் கொடுத்த பாதி பேட்டரி. அதை வைத்துக்கொண்டு விருந்து முழுவதையும் எடுக்க வேண்டும், தர்ஷினி கேட்ட படத்தையும் எடுக்க வேண்டும். மாரியாயி அக்கா கண்ணிலேயே படவில்லை. விசாரித்தால், சாப்பாட்டு மேசைக்குப் பின்னால் இருக்கிறார், ரசம் சூடு செய்கிறார், இப்போதுதான் இங்கே இருந்தார் என்று ஆளுக்கொன்று சொன்னார்கள்.

டத்தோ வந்தார். மேடை ஏறி மைக்கைப் பிடித்ததும் மைக் ஊமையாகிவிட்டது. கம்பியில்லாத மைக், உள்ளே இருந்த சின்னப் பேட்டரிகள் தீர்ந்துபோயின. சுவர்க் கடிகாரத்துக்குப் போடுவோமே, அதே ரகம். என் ஃபிளாஷுக்குள் இருப்பதும் அதே ரகம் என்பதை அந்த மண்டபத்தில் பெரியப்பா ஒருவர்தான் கவனித்திருந்தார். நான் நாற்காலியில் வைத்துவிட்டு லென்ஸ் மாற்றுகிற நேரத்தில் ஃபிளாஷின் வயிற்றைத் திறந்து உருவிக்கொண்டு போய்விட்டார். என் பேட்டரியில் டத்தோ கணீரென்று பேசினார். பெற்றோரின் தியாகத்தைப் பற்றி உருகி உருகிப் பேசினார். பெற்றோர் என்று சொல்லும்போதெல்லாம் பெரியப்பாவையும் பெரியம்மாவையும் கை காட்டினார். எல்லாரும் கை தட்டினார்கள். பின்னால் எட்டிப் பார்த்த மாரியாயி அக்காவும் ஈரக்கையோடு தட்டினார். கூட்டம் உட்கார்ந்ததும் பெரியப்பா என்னிடம் வந்து சிடுசிடுத்தார்: "டத்தோ பேசறப்ப ஒரு ஃபிளாஷ்கூட அடிக்கல, என்னம்மா போட்டோ எடுக்கற நீ?"

வெறும் வெளிச்சம்

முதல் காரியமாக மைக்கிலிருந்து என் பேட்டரிகளை உருவிக்கொண்டேன். அதற்குள் மேடையில் வரிசை ஆரம்பித்துவிட்டது. ஒவ்வொரு குடும்பமும் ஒரு படம், பெண் வீட்டார் மட்டும் ஒன்று, அதில் கோபித்துக்கொண்டு இறங்கியவரைக் கூட்டிவந்து இன்னொன்று. முழுக் கோட்டிலிருந்து ஒரு கோடு குறைய அரை நாள் எடுத்துக்கொள்ளும் பேட்டரி, கடைசிக் கோட்டுக்கு மட்டும் மாடிப்படியில் உருளுவதுபோல வந்துவிடும், உங்களுக்குத் தெரியாததா? ஒற்றைக் கோடு சிவப்பாக மினுக்க ஆரம்பித்தது. தர்ஷினி மேடையிலிருந்து என்னையே பார்த்தாள். பிறகு சாப்பாட்டு மேசைப் பக்கம் பார்த்தாள். மறுபடியும் என்னைப் பார்த்தாள். அழுதுவிடுவாள் போலிருந்தது.

நான் கேமராவை அணைத்துவிட்டேன். டி.எஸ்.எல்.ஆரின் பெருமையே இதுதான், அணைத்து வைத்தாலும் கண்ணாடி வழியாக ஆட்கள் தெரிவார்கள். ஃபிளாஷுக்கோ தனிப் பேட்டரி, அது எரிகிறதா என்று சோதிக்கத் தனியாக ஒரு பொத்தான். கண்ணை வைத்து, "இங்க பாருங்க, சிரிங்க" என்று சொல்லிப் பொத்தானை அமுக்கினால் பளிச்சென்று வெளிச்சம் வரும், படம் விழாது. பாட்டுச் சத்தத்தில் கேமராவின் கிளிக் சத்தம் வரவில்லை என்று யார் கவனிக்கப்போகிறார்கள்? பெரியப்பாவின் கூட்டாளிகள், டத்தோவோடு வந்தவர்கள், யாரென்றே தெரியாமல் மேடை ஏறியவர்கள் எல்லாரும் பளிச் வாங்கிக்கொண்டு திருப்தியாக இறங்கினார்கள். "காட்டு பாப்போம்" என்று வந்த பெரியம்மாவிடம், ஆல்பத்தில் பார்த்தால்தான் ராசி என்று சொல்லிவைத்தேன். டை கட்டிய ஒருவர் மட்டும் என்னை விடவே இல்லை. நான் மனம் கோணாமல் அடித்துக் கொடுக்கக் கொடுக்க அவர் கேட்டுக்கொண்டே இருந்தார்: "கண்ண மூடிட்டேன் தங்கச்சி, இன்னொன்னு அடி."

சாப்பாட்டு மேசைக்குப் பின்னால்

வரிசை முடிந்ததும் தர்ஷினி மாலையோடு மேடையை விட்டு இறங்கி நேராகச் சாப்பாட்டு மேசைக்குப் பின்னால் போனாள். நான் பின்னாலேயே ஓடினேன். மாரியாயி அக்கா சொந்தக்காரர்கள் வீட்டுக்குத் தாப்பாவ் பொட்டலமாகக் கொண்டுபோகக் குழம்பைப் பிளாஸ்டிக் பையில் ஊற்றிக் கட்டிக்கொண்டிருந்தார். தர்ஷினி அவர் கையைப் பிடித்தாள். "விடுடி, கையெல்லாம் கொழம்பு, சேல வீணாப் போவும்" என்று அவர் பின்வாங்கினார். அதற்குள் பெரியம்மா வந்துவிட்டார். "நல்ல நாளும் அதுவுமா, மாலையோட இங்க வந்து எதுக்கு லா..." என்று இழுத்தார். தர்ஷினி திரும்பிக்கூடப் பார்க்கவில்லை. "பெரியம்மா, கொஞ்சம் தள்ளி நில்லுங்க, படத்துல விழறீங்க" என்றாள்.

கேமராவைப் போட்டேன். சிவப்புக் கோடு மினுக்கியது. ஒன்று எடுத்தேன்; மாரியாயி அக்கா குனிந்து கையைத் துடைத்துக்கொண்டிருந்தார். இன்னொன்று எடுத்தேன். மூன்றாவதற்கு அமுக்கினால் கேமரா வாயைத் திறக்கவில்லை. படம் கார்டில் ஏறுமுன் பேட்டரி போனால் படமும் போய்விடும், அந்த வயிற்றெரிச்சல் நம் எல்லாருக்கும் தெரியும். "வந்துச்சா அக்கா?" என்று தர்ஷினி கேட்டாள். வந்தது என்று சொல்லிவிட்டேன், எனக்கே தெரியாது. வீட்டுக்கு வந்ததும் முதல் வேலையாகக் கார்டைக் கம்ப்யூட்டரில் போட்டேன்.

வந்திருந்தது. ஓரத்தில் பெரியம்மாவின் முழங்கை இருந்தது. மாரியாயி அக்கா கேமராவைப் பார்க்கவே இல்லை. ஒரு கையில் குழம்புப் பையோடு, திட்டுவதற்குத் திறந்த வாயோடு மகளைப் பார்த்துக்கொண்டிருந்தார். மகள் கண்ணில் நீரோடு சிரித்துக்கொண்டிருந்தாள். அன்றே அதை இருவருக்கும் அனுப்பிவிட்டேன். தர்ஷினி சரவாக்குக்கு விமானம் ஏறிய மறுநாள் மாரியாயி அக்கா என்னைப் போனில் கூப்பிட்டார். சாப்பிட்டாயா, பிள்ளைகள் எப்படி என்று எதையெதையோ கேட்டார். போனை வைக்கப்போகிறார் என்று நினைத்தேன். அப்போதுதான் சொன்னார்: "எல்லாரும் அவ அப்பா சாடைன்னே சொல்வாங்க தங்கச்சி, ஒன்னா நிக்க வச்சிப் பாத்தாத்தானே தெரியுது, அவளுக்கு என் மூக்கு."

பெரியப்பாவின் கூட்டாளிகளில் பாதிப் பேர் ஏன் ஆல்பத்தில் இல்லை என்று கேட்டபோது பேட்டரி போய்விட்டது என்று சொல்லிவிட்டேன்; நம் தொழிலில் யாரும் மறுத்துப் பேச முடியாத ஒரே பொய் அதுதான்.