விலாவில் பட்ட அடி

பங்குனித் திருவிழாச் சிலம்பாட்டத்தில் சுல்தானின் கம்பு அழகையாவின் இடது விலாவில் இறங்கியது. அழகையா ஒரு கணம் மண்ணில் உட்கார்ந்தார். "ஏலே, பொண்டாட்டி மேல உள்ள கோவத்தையெல்லாம் என் மேல எறக்கிட்டியே" என்று சிரித்துவிட்டு எழுந்து அந்த ஆட்டத்தை முடித்தார்; மறுநாளிலிருந்து விலா வலியில் கம்பைச் சுற்ற முடியவில்லை. அது எழுபத்தொன்பதாம் வருஷம்.

வில்பட்டிச் சிலம்பக்காரர்களிடம் ஒரு வழக்கம் இருந்தது. அடித்தவனேதான் வைத்தியமும் பார்க்க வேண்டும். அடிபட்டவர் திரும்பக் கம்பைத் தொடும்வரை எண்ணெயும் நாட்டுக்கோழி முட்டையுமாக அவர் வீட்டுக்குப் போய்வர வேண்டும். பகை மூளாமலிருக்க யாரோ எப்போதோ செய்த ஏற்பாடு. கொடைக்கானல் கடைவீதியில் அத்தாவின் இரும்புக்கடையைக் கவனித்துக்கொண்டிருந்த சுல்தான், கடையைச் சாத்தியதும் பஸ் ஏறி வில்பட்டிக்கு வந்து அழகையாவின் விலாவில் எண்ணெய் தேய்த்துவிட்டுப் போனான்.

சித்திரை போயிற்று, வைகாசியும் போயிற்று. வலி போகவில்லை. கூடவே இருமல் சேர்ந்துகொண்டது. ஆனி மழையில் ஒரு காலை, துப்பிய சளியில் ரத்தம் தெரிந்தது.

"ஊமைக்காயம்டா. உள்ள கட்டி நின்ன ரத்தம் இப்பத்தான் வெளியேறுது" என்றார் பொன்னுவேல். அழகையாவுக்கு ஜோடியாகக் கம்பு சுற்றுகிறவர், லாரிக்கு மூட்டை ஏற்றுவதிலும் கூட்டாளி. மற்றவர்களும் அதையே சொன்னார்கள். சொல்லிவிட்டுச் சுல்தானை ஒரு மாதிரியாகப் பார்த்தார்கள். அவன் கம்பு எடுப்பதை நிறுத்திவிட்டான்.

அழகையா இலங்கையில் ஹட்டன் பக்கம் ஒரு தேயிலைத் தோட்டத்து லயத்தில் பிறந்தவர். கப்பலேறி, மண்டபம் முகாமில் கிடந்து, மலைக்கு வந்து சேர்ந்தவர். கடைசிவரை அவர் பேச்சில் லயத்து வாடை போகவில்லை. சுல்தானைத் தவிர அந்தக் களத்தில் ஆடிய எல்லோரும் மூட்டை தூக்குகிறவர்கள், மரம் வெட்டுகிறவர்கள், பீன்ஸ் காட்டில் கூலி வேலை செய்கிறவர்கள். உடம்பைத் தவிர வேறு சொத்து இல்லாதவர்கள். அதனால் உடம்புக்கு முடியவில்லை என்ற சொல்லே அவர்கள் வாயில் வராது. விடியுமுன் பச்சைத் தண்ணீரில் குளியல், நல்லெண்ணெயில் அடித்த முட்டை, அடிபட்டால் பச்சிலைக் கட்டு. ஊசி போட்டால் நரம்பு செத்துப்போகும், கம்பு கையில் நிற்காது என்று உறுதியாக நம்பினார்கள். அழகையா எல்லோரையும்விட உறுதியாக நம்பினார்.

ஒருநாள் சாயங்காலம் எண்ணெய்க் கிண்ணத்தைக் கீழே வைத்துவிட்டுச் சுல்தான் அழுதான். "அக்கா, என் கைய ஒடிச்சுப் போடுங்க. அண்ணனை நாந்தான் கொன்னுக்கிட்டு இருக்கேன்."

அழகையாவின் மனைவி வீரம்மா கேரட் காட்டிலிருந்து அப்போதுதான் வந்திருந்தாள். புருஷன் துப்பிய சிரட்டையில் கொதிநீர் ஊற்றியபடியே பேசினாள்.

"தோட்டத்துல எங்கப்பனுக்கும் இப்பிடித்தான் அந்தியானா காய்ச்சல் வரும். இதே இருமல், இதே ரத்தம். எங்கப்பன யாரு தம்பி கம்பால அடிச்சா?"

"ஏய், வாய மூடு" என்று சீறினார் அழகையா. "உடம்பு கட்டுனவனுக்கு அந்தச் சீக்கு வருமா? வெள்ளனே எந்திரிச்சுப் பச்சத்தண்ணியில குளிக்கிறவன் நான்."

"நல்லாக் குளிங்க. இந்தப் பயலக் கொஞ்சம் பாருங்க. நீங்க எளைக்கிறதுக்கு மேல எளைச்சுப்போய் நிக்கிறான். உங்க வீம்புக்கு அவன் ஏன் சாகணும்?"

மறுநாள் காலையில் அழகையா அவராகவே சட்டையை மாட்டிக்கொண்டு பெரியாஸ்பத்திரிக்குக் கிளம்பினார்.

டாக்டரம்மா எக்ஸ்ரே படத்தை ஜன்னல் வெளிச்சத்தில் பிடித்தார். "விலாவெலும்பு எல்லாம் முழுசா இருக்கு. அடி எப்பவோ ஆறிடுச்சு. இது டி.பி. முதல்ல தினம் ஊசி, அப்புறம் மாத்திரை. ஒன்றரை வருஷம் ஆகும். நடுவுல விட்டா திரும்ப வரும், அப்ப மருந்து கேக்காது."

அழகையா வலது கையை முதுகுக்குப் பின்னால் மறைத்துக்கொண்டார். "இந்தக் கை மட்டும் வேணாங்க. கம்புக் கை."

ஊசியை எடுத்த நர்ஸ் சிரித்தாள். "கைய யாரு கேட்டா? திரும்பிப் படுங்க."

ஊமைக்காயம் ஆறிவருகிறது என்று சொல்லிக்கொண்டு ரகசியமாக மருந்து சாப்பிட்டிருக்கலாம். உண்மையைச் சொன்னால் மூட்டை தூக்கும் சோலி போகும், களத்துப் பானையில் தண்ணீர் மொள்ள விடமாட்டார்கள். சொல்லாவிட்டால் அந்த அடி ஆயுசுக்கும் சுல்தானின் கணக்கில்தான் நிற்கும். ஞாயிற்றுக்கிழமை எல்லோரும் கூடியிருந்தபோது அழகையா களத்துக்குள் இறங்காமல் பேரிக்காய் மரத்தடியிலேயே நின்றார்.

"எனக்குக் காசநோய். சுல்தான் அடிச்சதுல ஒண்ணுமில்ல. எலும்பு முழுசா இருக்குறதப் படத்துல பாத்தேன். இனி எவனும் அவனக் குத்தம் சொல்லப்படாது."

அழகையா துண்டிலிருந்து தன் சொந்த டம்ளரை எடுத்துக் காட்டினார். "உங்க பானையத் தொடமாட்டேன். பயப்படாதீக."

பொன்னுவேலுக்குத்தான் பொறுக்கவில்லை. "ஊசிக்குப் போறியாமே? நரம்பு செத்துரும்டா. கம்பு என்ன, கரண்டியக்கூடப் பிடிக்க முடியாது."

"கரண்டிய வீரம்மா பிடிச்சுக்கிடுவா. நீ உன் இருமலப் பாரு."

பொன்னுவேல் வந்த இருமலை அப்படியே விழுங்கினார்.

மூட்டைச் சோலி போய்த்தான் விட்டது. வீரம்மா இரண்டு காட்டில் வேலை பார்த்தாள். அழகையா தினமும் ஊசிக்குப் போனார். மழையில் பஸ் வராத நாட்களில் கோணியைத் தலையில் கவிழ்த்துக்கொண்டு நடந்தார். இருமல் நின்றது, கன்னத்தில் சதை பிடித்தது. "அதான் நின்னுருச்சே, இன்னும் எதுக்கு?" என்று கேட்காதவர் இல்லை. அவர் போவதை நிறுத்தவில்லை. ஊசி முடிந்து மாத்திரை வந்தது, அதற்கும் போனார்.

சுல்தானும் முட்டையை நிறுத்தவில்லை. மறுபடி களத்துக்குப் போகத் தொடங்கியவன், போகும் வழியில் கொடுத்துவிட்டுப் போனான்.

"அதான் உன் அடி இல்லன்னு ஆச்சே, பெறகென்ன?"

"நீங்க இன்னும் கம்பத் தொடலையேண்ணே."

மாத்திரை வாங்கப் போன ஒரு காலை, ஆஸ்பத்திரிப் பெஞ்சின் கோடியில் தலைமேல் துண்டைப் போட்டு முகத்தை மறைத்தபடி ஒருவர் இருந்தார். இத்தனை வருஷம் தன்னோடு மூட்டை தூக்கிய அந்தத் தோள்களை அழகையாவுக்குத் தெரியும். பக்கத்தில் போய் உட்கார்ந்தார். துண்டுக்குள்ளிருந்து மெல்லக் குரல் வந்தது.

"மச்சான், ஊசி கையிலயா போடுறாக?"

"இல்லடா. நீ இப்ப உக்காந்திருக்கிற எடத்துல."

"அப்பொறம் பஸ்ஸுல எப்பிடிடா உக்காந்து போறது?"

"நடந்து போவம்" என்றார் அழகையா. "தெனமும் நான் கூட வாறேன்."